குழல் ஒன்று, மாவட்டம் மூன்று

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி ஓய்ந்து, காலிக் கிரேடுகளை லாரியில் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அவருடைய அப்பாவின் துப்பாக்கி உரிமத்தை அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். ஏற்கெனவே காகிதத்தில் கொடுத்த மனு காணாமல் போய்விட்டது. "எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு, புதுசாப் போடுங்க" என்று சொல்லியிருந்தார்கள். முன்னால் இருந்தவருக்குப் பான் கார்டு திருத்தம் முடித்துவிட்டு, பையன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"தாத்தா, துப்பாக்கி எந்த டைப்? ஆட்டோமேட்டிக்கா, செமி ஆட்டோமேட்டிக்கா?"

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "மழ பெஞ்சா அதுவா நின்னுடும் தம்பி. அந்தக் கணக்குல பாத்தா ஆட்டோமேட்டிக்தான்."

பையன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் பட்டா மாறுதலுக்கு ஆறு பேர் நின்றார்கள்.

ஆட்டோமேட்டிக் என்று அவன் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அதற்குச் சுத்தமான இலக்கணம் வைத்திருக்கிறது. விசையை அழுத்தினால், விரலை எடுக்கும்வரை அல்லது குண்டு தீரும்வரை விடாமல் சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கி எதுவோ, அது தடை செய்யப்பட்ட ஆயுதம். மத்திய அரசு தனியாக அனுமதித்தால் ஒழிய எந்தக் குடிமகனும் அதைத் தொடக்கூடாது. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வைத்திருந்தால் குறைந்தது 7 வருஷம், கூடினால் 14 வருஷம் சிறை. இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்த தாத்தா பரணில் ஒரு பிரென் துப்பாக்கியைப் போட்டுவிட்டுச் செத்துப்போனார், பேரனுக்கு அதைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆசை என்று வையுங்கள். பேரனைத்தான் பெட்டிக்குள் வைப்பார்கள். பழமைமிக்க ஆயுதத்துக்குச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் ரிப்பேர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது இனிச் சுடவே கூடாது. அதாவது, செத்துப்போன துப்பாக்கிக்கு மட்டும் சுதந்திரம்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1986 மே மாதத்துக்கு முன் பதிவான இயந்திரத் துப்பாக்கியை, 200 டாலர் வரி கட்டி, கைரேகை கொடுத்து, பல மாநிலங்களில் ஒரு தனியாள் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு புதிதாகச் சேர்க்க வழியில்லை என்பதால் அந்தப் பழைய இரும்புக்குக் கார் விலை. அதைப் பார்த்து ஏங்குகிறவன் நான் இல்லை. பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கு மேசைக்கடியில் பதுங்கப் பயிற்சி கொடுக்கிற நாடு அது. விடாமல் சுடும் பொறிக்குத் தடை போட்டது சரிதான். ஆனால் மனுவைப் போட்டு அழுத்தினால், அழுத்துகிறவர் ஓயும்வரை ஒன்றுமே வெளியே வராத பொறி ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் சட்டத்தில் ஏன் பெயர் வைக்கவில்லை?

பழைய துப்பாக்கிகளைச் சேர்த்துவைக்கும் ஆசை பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் பக்கத்து விவசாயிக்கு அதைச் சட்டமே ஊட்டி வளர்க்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். பயிரைக் காக்க உண்மையாகவே துப்பாக்கி தேவைப்படுகிறவருக்குக் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறு வழவழப்பான குழல் துப்பாக்கி தரலாமாம். அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்ட கதை ஒன்றும் எங்கள் ஊரில் வழங்கவில்லை.

அந்தத் துப்பாக்கியைக் கெட்டிப்பதைச் சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குழலை நிமிர்த்திப் பிடித்து, கரிமருந்தை அளந்து கொட்ட வேண்டும். கந்தல் துணியோ தேங்காய் நாரோ திணிக்க வேண்டும். கம்பியால் இடிக்க வேண்டும். இடி பலமாக விழுந்தால் ஆபத்து, லேசாக விழுந்தால் புஸ். பிறகு ஈயக் குண்டு. அது கிடைக்காதவர்கள் பால்ரஸ் போடுவார்கள். தொழிற்பேட்டை ஓசூர் பக்கத்திலேயே இருப்பதால் அதற்குப் பஞ்சமில்லை. மறுபடி துணி, மறுபடி இடி. கடைசியில் பின்பக்கக் காம்பில் கேப்பை மாட்டி, சுத்தியலை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுட வேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு சுட்டவர்களில் இரண்டொருவர் அதன் பிறகு ஒரு கண்ணோடு வாழ்ந்தார்கள். மொத்தத்தில் கைப்பழக்கம் உள்ளவருக்கே ஒரு நிமிஷம் ஆகும். ஊடேதுர்க்கம் காட்டிலிருந்து இறங்குகிற யானைக்கு அரை ஏக்கர் ராகியை மிதித்துக் கடக்க அந்த ஒரு நிமிஷம் தாராளம்.

எங்கள் ஊருக்கு மேலே நிற்கிற மலைக்கோட்டையை 1791 ஜூலையில் காரன்வாலிஸின் படையைச் சேர்ந்த மேஜர் கௌடி திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்தார். அன்றைக்குக் கோட்டைக்குள் இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் வைத்திருந்தது இதே வாய்வழிக் குழல்தான். கேப்பு மட்டும் பிறகு வந்த சீர்திருத்தம். கோட்டையை இப்போது தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கோட்டைக்குக் கீழே உழுகிறவன் கையில் இருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டை உள்துறை பாதுகாக்கிறது. மேலே ஏறிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. இறங்கும்போது பெரியப்பாவையும் பார்த்துவிட்டுப் போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஆயுதம் பிடுங்குகிற வழக்கம் நேற்று வந்ததல்ல. மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட கையோடு, 1801 டிசம்பரில், கவர்னர் எட்வர்ட் கிளைவ் தெற்குச் சீமைப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பிரகடனம் போட்டார். 1878இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு நாடு முழுவதுக்கும் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. அதே வருஷம் அதே ஆள்தான் தாய்மொழிப் பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டார். பேனாவுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே சாவி. லிட்டனின் சட்டத்தை எதிர்த்துக் காந்தியே எழுதினார், அகிம்சைக்காரர் எழுதியதால் அதற்கு மதிப்பு அதிகம். சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரர்களின் விலக்குப் போனது. இடம் காலியாக இருக்கிறதே என்று வேறு சிலர் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்து மாநிலத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். எங்களிடமிருந்து எல்லை ஒரு பஸ் டிக்கெட் தூரம். கர்நாடகத்தின் குடகில், குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ள விலக்கு இருக்கிறது. வெள்ளைக்காரன் கொடுத்தது. மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது, கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் சரி என்றது. அவர்கள் வீரர்கள், கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். ராயக்கோட்டைக்காரனின் முப்பாட்டன் எந்தத் துரைக்கும் விசுவாசமாக இருந்ததாகப் பதிவேடு இல்லை. அந்தக் குற்றத்துக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

பெரியப்பாவின் அப்பா உரிமம் வாங்கியது 1963இல். அப்போது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். உரிமப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சேலத்து முத்திரை. 1965 அக்டோபரில் தர்மபுரி தனியாகப் பிரிந்தது. நடுப்பக்கங்களில் தர்மபுரி முத்திரை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிறந்தது. கடைசிப் பக்கங்களில் அந்த முத்திரை. ஒரு குழல் மூன்று மாவட்டத்தைப் பார்த்துவிட்டது. அது பார்க்காதது ஒன்றுதான், ஒரு யானையின் உடம்பை. அதை யாரும் யானைமேல் சுடவில்லை. மேல்நோக்கிச் சுடுவார்கள், சத்தத்துக்காக. சத்தம் கேட்டால் கூட்டம் திரும்பும். திரும்பாத கூட்டமும் உண்டு, அப்போது நாம் திரும்ப வேண்டும்.

தாத்தா 2017இல் தொண்ணூறைத் தாண்டிக் கண்ணை மூடினார். உரிமம் வைத்திருந்தவர் செத்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பெரியப்பா கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தார். எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப் போவதில்லை. உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற மனுப் போட்டார். வாரிசுச் சான்று, சிட்டா, அடங்கல், விஏஓவின் கையெழுத்து, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று எல்லாம் கேட்டார்கள். ஐம்பது வருஷம் அந்தக் குழலுக்கு மருந்து இடித்தவருக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடினோம். 2016ஆம் வருஷத்து விதிகள் போலீஸ் அறிக்கைக்கு 30 நாள் கெடு வைத்திருக்கின்றன. எந்த வருஷத்து 30 நாள் என்று விதியில் போடவில்லை. "ஃபைல் மேல போயிருக்கு பெரியவரே" என்பார்கள். மேலே போய்க் கேட்டால், "கீழ இருந்து வரணும்." எங்கள் ஊர் மலையை எத்தனையோ படைகள் ஏறி இறங்கியிருக்கின்றன, இந்த ஃபைல் அளவுக்கு எவரும் ஏறி இறங்கியதில்லை.

தாத்தா இருந்த காலத்திலும் நிம்மதி இல்லை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். எத்தனை நாள் என்பதற்கு 2024ஐ உதாரணமாகப் பாருங்கள்: மார்ச் 16 அன்று அறிவிப்பு, ஏப்ரல் 19 அன்று நம் வாக்குப்பதிவு, ஜூன் 4 அன்று முடிவு. உள்ளாட்சிக்கு ஒரு தரம், சட்டமன்றத்துக்கு ஒரு தரம், நாடாளுமன்றத்துக்கு ஒரு தரம். கரிமருந்தை இடித்து இடித்து ஒரு நிமிஷத்துக்கு ஒரு வெடி போடுகிறவன் வாக்குச் சாவடியைக் கைப்பற்றிவிடுவான் என்று ஜனநாயகம் பயப்படுகிறது. ஓட்டுக்கு நோட்டு எண்ணுகிற கைகளை அது எதையும் ஒப்படைக்கச் சொன்னதில்லை.

நிஜமான ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள் இந்த நாட்டில் எங்கே இருக்கின்றன என்று கேட்கிறீர்களா? அவை சௌக்கியமாக இருக்கின்றன. 1995 டிசம்பர் 17 அன்று ராத்திரி மேற்கு வங்கத்துப் புருலியாவில் வானத்திலிருந்தே கொட்டின. ஒரு விமானம் ஏ.கே. 47களைப் பாராசூட்டில் இறக்கிவிட்டுப் போனது. காலையில் எழுந்த கிராமத்துக்காரர்கள் ஆளுக்கொன்றாகப் பொறுக்கிக்கொண்டார்கள். ஆயுள் தண்டனை பெற்ற விமானக்காரர்களுக்கு 2000இல் மன்னிப்பு, ஆயுத வியாபாரியான பிரிட்டிஷ்காரருக்கு 2004இல் மன்னிப்பு, தலைமைக் குற்றவாளி என்று சொல்லப்பட்டவரை டென்மார்க் அனுப்பவே இல்லை. விண்ணப்பம் போட்ட பெரியப்பா வரிசையில் நிற்கிறார். விமானம் ஓட்டி வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அது அந்நிய சதி என்று விட்டுவிடுவோம். ஜபல்பூரில் ராணுவத்தின் படைக்கலக் கிடங்கு இருக்கிறது. பழசாகிக் கழித்துப்போட்ட ஏ.கே. துப்பாக்கிகள் அங்கிருந்து வெளியேறி, பிகாரின் முங்கேருக்குப் போய்ச் சேர்ந்ததை 2018இல் கண்டுபிடித்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்துகூட எடுத்தார்கள். பழைய தானியங்கித் துப்பாக்கிகளைத் தனியார் சேகரிக்க இந்த நாட்டில் வழியே இல்லை என்று யார் சொன்னது? முங்கேர்க் கிணறுகளைப் போல ஒரு சேகரம் உலகத்தில் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

வாரிசுச் சான்றும் அடங்கலும் கேட்காத இடமும் உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை சுமார் 2.78 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் தகுதியில்லாதவர்களுக்கு வழங்கப்பட்டதாகச் சிபிஐ சொன்னது. கலெக்டர் நாற்காலிகளில் இருந்தவர்கள்மீதே விசாரணை. அங்கே எந்த ஃபைலும் மேலே போய்க் கீழே வரவில்லை. பணம் போய் உரிமம் வந்தது. துப்பாக்கி இறக்குமதியை 1980களின் நடுவில் சாமானியர்களுக்கு மூடிவிட்டு, சுங்கத்துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு விற்கும் ஏற்பாடும் வெகுநாள் நடந்தது. லிட்டன் காலத்து விலக்கில் காலியான இடத்தில் உட்கார்ந்தவர்கள் என்று சொன்னேனே, இவர்கள்தான். நடிகர் சஞ்சய் தத் வீட்டில் ஏ.கே. 56 இருந்தது. அவர் தண்டனை அனுபவித்தார், மறுக்கவில்லை. வெளியே வந்ததும் அவர் கதையைப் படமாக எடுத்து வசூலை அள்ளினார்கள். கள்ளத் துப்பாக்கி வழக்கில் உள்ளே போய்வந்த எங்கள் பக்கத்து அஞ்செட்டிக்காரன் கதையை யாராவது படமாக எடுப்பதாக இருந்தால், எனக்கு நாலைந்து பேரைத் தெரியும்.

இன்னொரு பழைய துப்பாக்கியையும் சொல்லாமல் விட முடியாது. எஸ்எல்ஆர். ராணுவம் 1990களிலேயே கழிக்கத் தொடங்கிய, அறுபதுகளின் துப்பாக்கி. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் சாதாரணச் சட்டை போட்ட காவலர் ஒருவர் வேனின் கூரைமேல் படுத்துக் குறிவைத்ததை நாடே டிவியில் பார்த்தது. 13 பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவலர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது; அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. ஸ்டெர்லைட் ஆலையை மூடு என்று மனு கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போனவர்களுக்கு அன்று கிடைத்த பதில் எந்த மேசையிலும் தேங்கி நிற்கவில்லை. இந்த நாட்டில் சில மனுக்களுக்குத்தான் பதில் உடனே வரும்.

இதற்கிடையில் நம் பக்கமும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது. 2019இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒரு முனை. பீரங்கிக்கும் விமானத்துக்கும் பாகம் செய்து உலகத்துக்கே விற்கலாம் என்கிறார்கள். எங்கள் பையன்கள் ஐடிஐ முடித்துவிட்டு அந்த லேத்துகளில் குழல் கடையப் போகிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது, ராகிக் காட்டில் அப்பா தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

தட்டத்தான் வேண்டும், வேறென்ன செய்வது? ஒவ்வொரு வருஷமும் ராகி முற்றும் காலத்துக்குச் சரியாகப் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வழியாகக் கூட்டம் வரும். யானைமேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் பாட்டன் நடந்த வழியில்தான் நாம் மாந்தோப்பும் சிப்காட்டும் கல்குவாரியும் போட்டிருக்கிறோம். பன்றிமேல் கோபம் உண்டு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025இல் அரசாணை வந்திருக்கிறது. எங்கள் பன்றிகளுக்கு அளவு தெரியும், இரண்டே முக்கால் கிலோமீட்டரில் நின்று மேய்கின்றன.

சத்தத்துக்கும் வழியில்லாதவன் என்ன செய்கிறான்? கம்பியை இழுத்து மின்சாரத்தைக் கொடுக்கிறான். எங்களுக்குப் பக்கத்து ஊரான மாரண்டஅள்ளியில் 2023 மார்ச்சில் திருட்டு மின்வேலியில் சிக்கி ஒரே ராத்திரியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அதே வேலிகளில் மனிதர்களும் சாகிறார்கள். தண்ணீர் பாய்ச்சப் போனவன், முயலுக்குப் போனவன், வேலி போட்டவனேகூட. அந்த வேலி போடுகிறவனை மன்னிக்க மாட்டேன். கரிமருந்துச் சத்தத்துக்கு எட்டு வருஷமாகப் பதில் சொல்லாதவர்களையும் அதே கணக்கில்தான் எழுதுவேன்.

இன்னொரு வழி கள்ளத் துப்பாக்கி. மலைக்கிராமங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். அவ்வப்போது தண்டோரா போடுவார்கள்: "ஊர்ப் பொதுவிடத்துல போட்டுட்டுப் போங்க, கேஸ் இல்ல." காலையில் கோயில் திட்டில் விறகுக்கட்டு மாதிரி கிடக்கும். அவற்றால் மானும் செத்திருக்கிறது, ராத்திரி வேட்டையில் ஆளை ஆள் சுட்டும் செத்திருக்கிறார்கள். அதை மறைத்துப் பேசவில்லை. ஆனால் உரிமம் கேட்டு நேர்வழியில் வந்தவருக்கு எட்டு வருஷம், கேட்காமல் வைத்திருந்தவனுக்கு ஒரே ராத்திரியில் மன்னிப்பு என்றால், அடுத்த தலைமுறை எந்த வரிசையில் நிற்கும்?

கிருஷ்ணகிரி, தர்மபுரிச் சீமை முழுக்க நடுகற்கள். புலியோடும் பன்றியோடும் சண்டைபோட்டுச் செத்தவனுக்கு அந்தக் காலத்தில் கல் வெட்டி நட்டு, பெயர் எழுதி, சில இடங்களில் அவன் குடும்பத்துக்கு நிலமும் கொடுத்தார்கள். இப்போது எஃப்ஐஆரில் பெயர் எழுதுகிறார்கள். எழுத்து மட்டும் அழகாக இருக்கும், ரைட்டர் கையெழுத்தாயிற்றே.

போன வாரம் பெரியப்பாவோடு மறுபடி போனேன். ஸ்டேஷன் பின்கட்டில், ஜப்தி செய்த மொபெட்டுகளுக்கும் மணல் சல்லடைகளுக்கும் நடுவே, எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குழலைக் கண்ணால் பார்த்தார். கட்டையில் கரையான் ஏறியிருந்தது. குழல் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தொடக்கூடாது என்றார்கள், தொடவில்லை. "எப்படியும் குளவிக்கு லைசென்ஸ் கேட்டிருக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார், வெளியே வந்த பிறகு.

மேசைக்குப் பின்னால் இருக்கும் ஐயா, பெரியப்பாவுக்கு ஏ.கே. 47 வேண்டாம், பிரென் வேண்டாம். அந்த வாய்வழிக் குழலையும் தர மாட்டேன் என்றால் தர வேண்டாம். உரிமம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அவர் கேட்டுவிட்டார். இல்லை என்ற ஒரு வார்த்தையையாவது கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தமிழில் எழுதினால் நல்லது. தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதினாலும் எங்கள் ஊரில் படித்துக்கொள்வோம்.